சாட்சிக் கண்ணாடி

தையல்காரரின் வீடு சாய்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு நூல்கண்டு. மிஷின் மேசையிலிருந்து கை தவறி விழுந்த அந்தக் கறுப்பு நூல்கண்டு விழுந்த இடத்தில் கிடக்க வேண்டியதுதானே? கிடக்கவில்லை. மெல்ல உருண்டு, பாதி தைத்த சட்டைகளைச் சுற்றிக்கொண்டு, கிழக்குச் சுவர்வரை போய் முட்டி நின்றது. எடுத்துவந்து மறுபடி போட்டார். மறுபடியும் கிழக்கே போனது. இருபத்தாறு வருஷமாக அந்த முன்னறையில் நூல்கண்டுகள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. எதுவும் இப்படித் திசை தெரிந்து நடந்துகொண்டதில்லை.

"இங்க கொஞ்சம் வாயேன்," என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மனைவி நூல்கண்டைப் பார்க்கவில்லை. அது போய் நின்ற சுவரைப் பார்த்தாள். ஜன்னல் மூலையில் தொடங்கித் தரைவரை, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் இறங்கியிருந்தது.

"நேத்து இது இல்லைங்க," என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அதுதான் தொல்லையே. பக்கத்து மனைக்காரர் தான் கட்டப்போகும் வீட்டுக்கு அடியில், பூமிக்குள், ஒரு நீச்சல்குளம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். வெயில் படாமல் நீந்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவாம். தெருவில் எல்லோரும் அவரை நீச்சல்குளத்தார் என்றே சொன்னார்கள். இரண்டு இயந்திரங்கள் பதினெட்டு நாளில் பன்னிரண்டடிக் குழி தோண்டின. தோண்டிய கையோடு, குளத்துக்கு ஓடு தேர்ந்தெடுக்க வெளிநாடு போனார் மனிதர். அங்கே ஓடுகளில் ஏகப்பட்ட வகை இருக்கும்போலும், திரும்பி வரவில்லை.

தையல்காரர் தெரிந்த கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கினார். ஏறி வந்து, வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"அண்ணே, உங்க அஸ்திவாரம் மூணடி. அவர் தோண்டினது பன்னெண்டடி. உங்க சுவருக்கு அடியில இருந்த மண்ணு சரிஞ்சு குழிக்குள்ள போயிருச்சு. கையை விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகுது. சுவர் இப்ப பழக்கத்துல நிக்குது, அவ்வளவுதான்."

தையல்காரர் விரிசலைத் தடவிப் பார்த்தார். "சரி பண்ண முடியுமா?"

"ஏன் முடியாது? சுவரை நாலு நாலடியாப் பிரிச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணு அடியில தோண்டணும். மொத்தமாத் தோண்டினா வீடு கூண்டோட இறங்கிடும். ஒவ்வொரு துண்டுலயும் கெட்டி மண்ணு வரைக்கும் இறங்கி கான்கிரீட் போட்டு, அது இறுகினப்புறம், அதுக்கும் பழைய அஸ்திவாரத்துக்கும் நடுவுல விட்ட இடைவெளியில கெட்டிக் கலவையைத் திணிச்சு இடிக்கணும். அப்புறம் விட்ட துண்டுங்க. மூணு வாரத்து வேலை. ஆனா மழைக்கு முன்னாடி முடிச்சிரணும். குழியில தண்ணி நின்னுச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மழைக்கு ஐந்து மாதம் இருந்தது. மூன்று வாரம் எங்கே, ஐந்து மாதம் எங்கே. தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அஸ்திவாரத்தில் கைவைக்க அஸ்திவார நல வாரியத்தின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள் என்று கொத்தனார் சொன்னபோதும் அந்தத் தெம்பு குறையவில்லை. "நல வாரியம்னு பேர்லயே இருக்கே," என்றார். கொத்தனார் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அஸ்திவார நல வாரியம் ஆறு மாடிக் கட்டடம். அதில் அஸ்திவாரப் பிரிவு ஆறாவது மாடியில் இருந்தது. கீழே வைத்தால் ஈரம் ஏறிக் கோப்புகள் கெட்டுவிடுகின்றன என்று மேலே கொண்டுபோனார்களாம். லிஃப்ட் கதவு கோணிக்கொண்டு மூட மறுத்ததால் தையல்காரர் படியேறினார்.

பிரிவு அதிகாரி நல்ல மனிதர். எதிரே உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், சொன்னதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய பேனா மேசைமேல் தானாகவே உருண்டு விளிம்புக்குப் போனது. அவர் பார்க்காமலே இடக்கையால் பிடித்துப் பழைய இடத்தில் வைத்தார். சற்று நேரத்தில் மறுபடி உருண்டது, மறுபடி பிடித்தார். தையல்காரருக்கு நூல்கண்டு ஞாபகம் வந்தது. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

"பக்கத்துல அவ்வளவு பெரிய குழி தோண்ட யார் சார் அனுமதி கொடுத்தது?"

"நாங்கதான். ஒரே நாள்ல கொடுத்தோம்," என்றார் அதிகாரி. குரலில் நியாயமான பெருமை இருந்தது. "குழிங்கிறது என்ன? ஒண்ணும் இல்லாத இடம். ஒண்ணும் இல்லாததைப் போய் எப்படிப் பரிசோதனை பண்றது? அதனால அதுல தாமதமே வராது. வீடுன்னா அப்படி இல்லைங்க. வீட்டுல ஆயிரம் சங்கதி இருக்கு."

"மழை வர்றதுக்குள்ள பழுது பார்த்துடணும் சார்."

"தாராளமா. ஒரே ஒரு நிபந்தனைதான். வீடு நிலையா இருக்கணும். அசைஞ்சுகிட்டிருக்கிற வீட்டை யாராவது பழுது பார்ப்பாங்களா? ஓடுற பஸ்ல டயர் மாத்துவாங்களா நீங்களே சொல்லுங்க."

"மாத்த மாட்டாங்க," என்றார் தையல்காரர்.

"அவ்வளவுதான் விஷயம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. போட்டுவிட்டு இறங்கினார். மூன்றாவது மாடிக்கு வந்தபோதுதான் அதில் ஏதோ இடறுவதுபோல் இருந்தது. திரும்பி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பஞ்சு மெத்தை. மெத்தையில் ஒரு சாண் நீளமும் ஒரு விரல் அகலமும் உள்ள கண்ணாடித் துண்டு படுத்திருந்தது. இதற்குச் சாட்சிக் கண்ணாடி என்று பெயராம். விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிவிட்டால், சுவர் கொஞ்சம் விரிந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இருபது வருஷமாக இதைத்தான் ஒட்டுகிறார் என்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அரைக் குவளைத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

தையல்காரரின் மனைவி முழுக் குவளை நிறையக் கொண்டுவந்தாள்.

"குடிக்க இல்லம்மா, சிமென்ட் குழைக்க. அரைக் குவளைன்னு விதியில இருக்கு." பாதியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டார். தள்ளி நின்று ஒரு நிமிஷம் அழகு பார்த்தார். பிறகு நான்கு பக்க ஒப்படைப்புப் படிவத்தை நீட்டினார்.

"தொண்ணூறு நாள் உடையாம இருந்தா வீடு நிலையா இருக்குன்னு அர்த்தம். இது வாரியத்தோட சொத்து. உங்க பொறுப்புல விட்டுட்டுப் போறேன். கதவை அடிச்சுச் சாத்தக் கூடாது. இந்த ரூம்ல ஓடிப் பிடிச்சு விளையாடக் கூடாது."

"எங்களுக்கு ஐம்பது வயசு தாண்டிருச்சுங்க," என்றாள் மனைவி.

"அதனாலதான் சும்மா சொல்லி வச்சேன். அப்புறம் அந்தத் தையல் மிஷின். அது அதிரும். வேற இடத்துக்கு மாத்திருங்க."

மிஷின் சமையலறைக்குப் போனது. அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் உட்கார்ந்து தையல்காரர் சட்டை தைத்தார். தாளிக்கும்போதெல்லாம் வெள்ளைத் துணிகளை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டார். முன்னறை முழுவதும் கண்ணாடிக்கு விடப்பட்டது. அங்கே போகும்போது கணவன் மனைவி இருவரும் தூங்கும் குழந்தை இருக்கும் அறையில் நடப்பதுபோல் நடந்தார்கள். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடினார்கள்.

பதினாறாம் நாள் காலையில் கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது.

தையல்காரர் ஆடிப்போய்விட்டார். நாற்பது வருஷத் தொழிலில் ஒருவர் கொடுத்த துணியில் ஒரு சாண் குறைந்தது என்று பேர் வாங்கியதில்லை. இப்போது அரசாங்கம் நம்பிக் கொடுத்த பொருள் உடைந்து நிற்கிறது.

"கண்ணாடி போனா போகுது, சுவர் விரியுதேன்னு போய்ச் சொல்லுங்க," என்றாள் மனைவி. விரிசலில் இப்போது அவள் சுண்டுவிரல் நுனி போனது.

போய்ச் சொன்னார். ஒரு வாரம் கழித்து விசாரணை நடந்தது. ஆறாவது மாடியில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மேசை நடுவில், வெள்ளைத் துணியில், உடைந்த இரண்டு துண்டுகள். மூவரும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபிறகு கேள்விகள் தொடங்கின. கடைசியாகக் கண்ணாடியை முழுசாகப் பார்த்தது யார்? அப்போது மனநிலை எப்படி இருந்தது? வீட்டில் ஏதும் வாக்குவாதம் உண்டா?

"சார், சுவர் விரிஞ்சதாலதான் கண்ணாடி உடைஞ்சது. சுவரைப் பத்திக் கொஞ்சம்…"

"சுவர் இன்னைக்கு விசாரணையில இல்லை," என்றார் நடுவில் இருந்தவர்.

முடிவில் அவருடைய கவனக்குறைவு மன்னிக்கப்பட்டது. பிரிவு அதிகாரி தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "கண்ணாடி உடைஞ்சிருக்கு. அப்ப வீடு அசையுது. அசையுற வீட்டுக்கு அனுமதி இல்லை. ஆனா மனசைத் தளரவிடாதீங்க. புதுசா ஒண்ணு ஒட்டச் சொல்லியிருக்கேன். மறுபடி முதல்ல இருந்து தொண்ணூறு நாள்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் பேனாவை இரண்டு தடவை பிடித்துவிட்டார்.

இரண்டாவது கண்ணாடி பதினோராம் நாள் உடைந்தது. மறுபடி விசாரணை, மறுபடி மன்னிப்பு, மறுபடி அரைக் குவளைத் தண்ணீர். மூன்றாவது கண்ணாடி நான்காம் நாளே உடைந்தது.

அன்றைக்குக் கொத்தனார் வந்திருந்தார். குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தவர் முகம் சரியில்லை.

"அண்ணே, நீங்க ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்ச் சொல்றீங்க. அவங்களும் ஒவ்வொரு தடவையும் ஒட்டிட்டுப் போறாங்க. இந்தக் கணக்குல உங்க பேரன் காலத்துலயும் அனுமதி வராது. பேசாம நாமளே ஒரு கண்ணாடியை ஒட்டிருவோம்."

"பொய்க் கண்ணாடியா?" தையல்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணாடியில என்னங்க நிஜக் கண்ணாடி, பொய்க் கண்ணாடி?" என்று மனைவி உள்ளே போனாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தாள். "இதுல இருக்கிறதை எடுத்துக்கங்க. நம்ம மூஞ்சியைக் கண்ணாடி இல்லாமலே பார்த்துக்கலாம்."

கொத்தனார் கண்ணாடியை அளவாக அறுத்துக் கொடுத்தார். ஆனால் ஒட்டினால் இதுவும் நாலு நாளில் உடையும். அங்கேதான் தையல்காரரின் நாற்பது வருஷ மூளை வேலை செய்தது. உட்காரும்போது தையல் தெறிக்காமல் இருக்க இடுப்பில் லூஸ் விடுவார்கள் அல்லவா? அப்படிக் கண்ணாடிக்கும் லூஸ் விட்டார். இடப்பக்க முனைக்கு நிஜமான சிமென்ட். வலப்பக்க முனைக்கு, துணியில் கோடு போடும் சாக் கட்டியைப் பொடித்துச் சாம்பலோடு குழைத்து, பார்வைக்குச் சிமென்ட் மாதிரியே பூசினார். சுவர் எவ்வளவு விரிந்தாலும் கண்ணாடி ஒரு பக்கமாக நழுவிக்கொள்ளும், உடையாது. கைக்குட்டையில் பெயரெழுத்துப் பின்னிப் பழகிய கை என்பதால் கண்ணாடிக்காரரின் கையெழுத்தும் அச்சாக வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. நல்ல பேர் போய்விட்டது என்று மனைவியிடம் வாய்விட்டே சொன்னார். அதைப் பார்த்தது மூன்று பேர்தான் என்று அவள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

நாட்கள் போயின. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கண்ணாடிக்காரர் வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துச் சாட்சிக் கண்ணாடியை நுனி முதல் நுனிவரை பார்த்தார். அவர் பார்த்ததெல்லாம் கண்ணாடியை மட்டும்தான். மூன்றாவது வருகையில் விரிசல் கட்டைவிரல் கனத்துக்கு வந்திருந்தது. ஐந்தாவது வருகையில் பென்சிலை அந்த விரிசலில் செருகி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பதிவேட்டைப் புரட்டி, பிறகு பென்சிலை எடுத்து "நலம்" என்று எழுதினார். விரிசல் வழியாக வந்த வெயில் அவர் எழுதும் பக்கத்தில் நன்றாகவே விழுந்தது.

"பார்த்தீங்களா, கவனமா இருந்தா முடியுது," என்று தையல்காரரைத் தட்டிக்கொடுத்தார்.

தொண்ணூறாம் நாள் கண்ணாடிக்காரர் தனியாக வரவில்லை. வாரியத் தலைவரே வந்தார். கூடவே பிரிவு அதிகாரி, விசாரணை மூவர், பத்து நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி. வாரியம் தொடங்கியதிலிருந்து தொண்ணூறு நாள் உயிரோடிருந்த முதல் கண்ணாடி அதுதானாம். மழைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இரவு பகலாகப் பார்த்தால் முக்கியமான துண்டுகளையாவது முடித்துவிடலாம் என்று கொத்தனார் ஆட்களோடு வாசலில் காத்திருந்தார். மணலும் ஜல்லியும் இறங்கியிருந்தன.

தலைவர் விரிசல் பக்கமாக முதுகைக் காட்டி நின்று பேசினார்.

"எங்க வாரியம் இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு வீட்டுக்குக் கண்ணாடி ஒட்டியிருக்கு. எங்களைக் குறை சொல்றவங்க இருக்காங்க. ஒரு வீட்டுக்காவது அனுமதி கொடுத்தீங்களான்னு கேக்குறாங்க. நான் திருப்பிக் கேக்குறேன். அந்த நானூத்திப் பதினோரு வீட்டுல இன்னைக்கு ஒரு வீடாவது அசையுதா? போய்ப் பாருங்க. அங்க வெறும் தரைதான் இருக்கு. தரை அசையாது. அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எங்க ஊழியர்களோட உழைப்பு." எல்லோரும் கைதட்டினார்கள். விரிசலிலிருந்து கொஞ்சம் செம்மண் உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டு தொடர்ந்தார். "ஆனா இந்த வீடு அதையும் தாண்டிடுச்சு. நின்ன இடத்துலயே அசையாம நின்னு காட்டியிருக்கு. கண்ணாடியே சாட்சி. ஆகவே இந்த வீட்டுக்கு எந்தப் பழுதும் தேவையில்லைன்னு மகிழ்ச்சியோட அறிவிக்கிறேன்."

தையல்காரருக்கு முதலில் காதில் சரியாக ஏறவில்லை. கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தபோதுதான் ஏறியது. பிரிவு அதிகாரியின் சட்டையைப் பிடிக்காத குறையாக அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், நான் தப்புப் பண்ணிட்டேன். அந்தக் கண்ணாடியை நான்தான் ஒட்டினேன். ஒரு பக்கம்தான் ஒட்டினேன். வீடு அசையுது சார். சுவரைப் பாருங்க."

அதிகாரி அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். கோபப்படவே இல்லை. "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றது உண்மைன்னா வீடு அசையுது, அனுமதி கிடையாது. பொய்ன்னா வீடு அசையல, பழுது தேவை கிடையாது. எதுன்னு எழுதிக்கட்டும்?"

வாசலில் கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்தார். நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மழை சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பே வந்தது. நீச்சல்குளத்தாரின் கனவு ஒரு வழியாக நிறைவேறியது, குழியில் ஆறடித் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குத் தையல்காரர் சமையலறையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி அடுப்பருகே நின்றிருந்தாள். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. யாரோ களைத்துப்போய்ப் பெருமூச்சு விட்டதுபோல ஒன்று கேட்டது, அவ்வளவுதான். பிறகு முன்னறைப் பக்கமிருந்து நிறைய வெளிச்சம் வந்தது.

போய்ப் பார்த்தார்கள். கிழக்குச் சுவர் இல்லை. வெளிப்பக்கமாகச் சாய்ந்து குழியின் சரிவில் மல்லாந்து கிடந்தது. இருபத்தாறு வருஷமாக வெட்டித் தைத்த அறைக்குள் மழை நேராகப் பெய்துகொண்டிருந்தது. தையல்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொத்தனார் ஓடிவந்து கூரைக்கு முட்டுக் கொடுத்தார். கூரை அஸ்திவாரம் அல்ல என்பதால் அதற்கு அனுமதி தேவைப்படவில்லை.

"அண்ணே, அழாதீங்க. சுவர் போச்சு, வீடு போகல. வடக்கு மூலையும் தெற்கு மூலையும் இன்னும் நிக்குது. மழை விட்டதும் தண்ணியை இறைச்சுட்டு அந்த ரெண்டு மூலைக்கு அடியிலயும் கான்கிரீட் கொடுத்துட்டா மிச்சத்தைக் காப்பாத்திரலாம். அடுத்த மழைக்குள்ள கொடுக்கணும். இப்பவாவது அனுமதி வாங்கிட்டு வாங்க."

தையல்காரர் ஆறு மாடி ஏறினார். இந்த முறை அதிசயம் நடந்தது. ஐந்தாம் நாளே பிரிவு அதிகாரியும் கண்ணாடிக்காரரும் நேரில் வந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. சரிவில் கிடந்த சுவரைச் சுற்றிப் பார்த்தார்கள். விழுந்த சுவரின் நடுவில், வெயிலில் மின்னிக்கொண்டு, கண்ணாடி முழுசாக இருந்தது.

"உடையலையே," என்றார் கண்ணாடிக்காரர் மெய்சிலிர்த்து.

அதிகாரி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "வாரிய வரலாற்றுலயே முதல் தடவையா ரெண்டும் பொருந்தியிருக்குங்க. பழுது தேவைங்கிறது கண்ணுக்கே தெரியுது. வீடும் அசையல. விழுந்த சுவரைவிட நிலையான சுவர் ஊர்ல எங்க இருக்கு? அது இனிமே எங்கயும் போகாது. இந்தாங்க அனுமதி."

தையல்காரர் இரண்டு கையாலும் வாங்கினார். மனைவி கடிதத்தை அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, முத்திரை இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டாள். கொத்தனார் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தெற்கு மூலைக்கு நடந்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் மூன்று பேர் முகத்திலும் ஒரே சமயத்தில் சிரிப்பு இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் அதிகாரி. "வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வாரியத்துச் சொத்தை முழுசாத் திரும்ப எடுத்துக்கணும். அது ஒரு சின்ன சம்பிரதாயம்தான்."

கண்ணாடிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, விழுந்து கிடந்த சுவர்மேல் ஏறி மண்டியிட்டார். பஞ்சு மெத்தைப் பெட்டியைப் பக்கத்தில் திறந்து வைத்தார். கத்தியை நுழைத்ததும் வலப்பக்க முனை வெண்ணெய்போல் வந்தது. "நல்லா வருதே," என்று அதே வேகத்தில் இடப்பக்கத்தையும் நெம்பினார். அந்தப் பக்கம்தான் நிஜமான சிமென்ட் ஆயிற்றே.

டக் என்றது.

அவர் கையில் பாதி, சுவரில் பாதி. பிறகு பிரிவு அதிகாரி தையல்காரரின் கையிலிருந்த கடிதத்தை, வலிக்காமல், மெதுவாக உருவிக்கொண்டார். நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"சார், அது அவர் உடைச்சது," என்றார் தையல்காரர்.

"யார் உடைச்சாங்கங்கிறது விசாரணையில தெரியும். உடைஞ்சிருக்குங்கிறது இப்பவே தெரியுது. வீடு அசையுதுங்க. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?" அவர் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. "உங்களுக்காக ஒண்ணு பண்றேன். இன்னைக்கே புதுசு ஒட்டச் சொல்றேன். ஒரு நாள்கூட வீணாக வேண்டாம்."

தெற்கு மூலையில் ஓங்கிய கடப்பாரையைக் கொத்தனார் தரையில் படாமல் இறக்கினார். அடுத்த மழை எப்போது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் ஒரு மாதம் என்று சொல்லியிருப்பார்.

கண்ணாடிக்காரர் பெட்டியின் அடித்தட்டிலிருந்து வேறொரு கண்ணாடியை எடுத்தார். ஒட்டக் கிழக்குச் சுவர் இல்லாததால் அறை அறையாகப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசியில் சமையலறைக்குள் நுழைந்து, மிஷினுக்குப் பின்னால் இருந்த தெற்குச் சுவருக்கு முன் நின்றார். உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார்.

"இந்த மிஷினை மட்டும் வெளிய எடுத்துருங்க," என்றார்.

"அந்தச் சுவர்ல விரிசலே இல்லீங்களே," என்றாள் மனைவி.

"வரும்மா," என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு, அவர் சிமென்ட் பொட்டலத்தைப் பிரித்தார்.

தையல்காரர் அரைக் குவளைத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.